எம்டனைப் பாக்கப் போனேன், ராசியில்லாத கப்பல் மாட்டுச்சு

முதல்ல அந்த டாக்ஸிக்காரனைத் திட்டிட்டுதான் ஆரம்பிப்பேன், இல்லன்னா மனசு ஆறாது. சிகாகோவுல ஒரு மியூசியத்துல வச்சிருக்கிற ரெண்டாம் உலகப் போர் ஜெர்மன் நீர்மூழ்கியைப் பாக்கத்தான் கெளம்பினேன். டவுன்டவுன்ல இருந்து மியூசியத்துக்கு ஏரி ஓரமாவே தெற்கால போனா போதும், நேர் ரோடு. பஸ் வரும் வரும்னு முக்கால் மணி நேரம் நின்னேன், ஏரிக்காத்து காதை அறுக்குது, பஸ்ஸைக் காணோம். சரின்னு டாக்ஸி புடிச்சா, அந்தாளு ஏதோ சந்துக்குள்ள எல்லாம் நுழைஞ்சு ஊரையே சுத்திக் காட்டிட்டான், மீட்டரைப் பாக்கப் பாக்க எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. மச்சானுக்கு போன் பண்ணினா "ரூபாயில மாத்திப் பாக்காத மாப்ள, அழுதுருவ"ங்கறான். மாத்திப் பாத்தேன். அதுக்கு மேல மியூசியத்துக்கு ஒரு டிக்கெட், நீர்மூழ்கிக்குள்ள ஏறணும்னா அதுக்குத் தனி டிக்கெட். இவ்ளோ தூரம் வந்துட்டு வெளிய நின்னு பாத்துட்டுப் போறதான்னு அதையும் வாங்கிட்டேன். மதியச் சாப்பாடு அக்கா கட்டிக் குடுத்த புளிசாதம்தான், அதனால பட்ஜெட் கொஞ்சம் தப்பிச்சுது.

படி இறங்கித் திரும்பினா... யப்பா. தரைக்கு அடியில ஒரு பெரிய ஹால், அதுக்குள்ள 252 அடி நீளத்துக்கு சாம்பல் கலர்ல படுத்துக் கெடக்குது அந்த நீர்மூழ்கி, பேரு யு-505. போட்டோவுல பாத்ததெல்லாம் சும்மா. மூக்குப் பக்கம் போயி அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது.

நம்ம ஊர்ல ஜெர்மன் போர்க்கப்பல்னாலே எம்டன்தானே, 1914 செப்டம்பர்ல ராத்திரியோட ராத்திரியா வந்து மெட்ராஸ்ல எண்ணெய் டேங்கைக் கொளுத்திட்டுப் போச்சே, "அவன் பெரிய எம்டன்"னு இன்னிக்கும் சொல்றோமே, அந்த நினைப்புல இதுவும் அப்படி ஒரு எம்டனா இருக்கும்னுதான் போனேன். கதையைக் கேட்டா இது நேர் எதிர். இவ்ளோ ராசியில்லாத கப்பலை நான் கேள்விப்பட்டதே இல்ல.

ஆரம்பம் நல்லாத்தான் இருந்திருக்கு. ஹாம்பர்க்ல கட்டினது, 1941 ஆகஸ்ட்ல கடற்படையில சேந்துச்சு. டைப் 9சி, அதாவது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயி மாசக்கணக்குல வேட்டையாடிட்டு வர்ற பெரிய ஜாதி. டார்பிடோன்னா தண்ணிக்கடியில பாஞ்சு போயி கப்பலை அடிக்கிற குண்டு, அதை விடுறதுக்கு முன்னால நாலு, பின்னால ரெண்டு குழாய், மொத்தம் 22 டார்பிடோ ஏத்தலாம். மொதல் கமாண்டர் லோவே, ஆப்பிரிக்கக் கரை, கரீபியன்னு சுத்தி ஏழு கப்பலை முழுகடிச்சாரு. ஏழாவது கொலம்பியாக்காரங்களோட ஒரு பாய்மரக் கப்பல். பாய்மரத்தைச் சுட்டா ஆகாதுன்னு மாலுமிங்க முணுமுணுத்தாங்களாம். கொஞ்ச நாள்ல கமாண்டருக்கே குடல்வால் பிரச்சினை, பாதியில திரும்பிட்டாங்க.

அடுத்து வந்த கமாண்டரோட பேரு செக். 1942 நவம்பர்ல ஒரு கப்பலை அடிச்சாரு. மூணே நாள், டிரினிடாட் பக்கத்துல ஒரு பிரிட்டிஷ் விமானம் ரொம்பத் தாழ்வா வந்து குண்டு போட, அது மேல்தளத்துல வெடிச்ச வேகத்துல விமானமே சிதறிடுச்சு. கப்பல் கந்தலாயிடுச்சு, ஆனாலும் எப்படியோ ஒட்டுப் போட்டு பிரான்ஸ்ல லோரியான் துறைமுகத்துக்கு ஊர்ந்து வந்துட்டாங்க. அங்க ரிப்பேர் மட்டும் ஆறு மாசம். அதுக்கப்புறம்தான் கொடுமை. கெளம்புவாங்க, ஏதாவது ஒழுகும், திரும்புவாங்க. மறுபடி கெளம்புவாங்க, மறுபடி திரும்புவாங்க. பிரெஞ்சுத் தொழிலாளிங்க பட்டறையிலயே வேணும்னே கோளாறு பண்ணி வச்சிருக்காங்க. (நல்லா வேணும்னு எனக்குத் தோணுச்சு, பொய் சொல்ல விரும்பல.) மத்த கப்பல்காரங்க எல்லாம் செக்கைக் கிண்டல் பண்ணுவாங்களாம், எவன் வராட்டியும் இவரு பத்திரமா திரும்பி வந்துருவாருன்னு.

நீர்மூழ்கிக்குள்ள ஏறி, கன்ட்ரோல் ரூம்ல நின்னுதான் கைடுகிட்ட மீதிக் கதையைக் கேட்டேன். நாலு எட்டு வச்சா முடிஞ்சுபோற எடம், சுத்தி வால்வு, சக்கரம், குழாய், நான் பேக்கை நெஞ்சோட கட்டிப் புடிச்சுட்டு நின்னேன், திரும்பினா ஏதாவது இடிக்கும். 1943 அக்டோபர் 24, மேல இருந்து ஆழ்வெடிகுண்டு விழுந்துட்டே இருக்கு, செக் தன் ஆளுங்க கண்ணு முன்னாடியே தன்னைத்தானே சுட்டுக்கிட்டாரு. அடுத்த நிலையில இருந்த அதிகாரி மேயர் பொறுப்பெடுத்து, அந்த நெலமையிலயும் எல்லாரையும் கரை சேத்திருக்காரு. அந்தாளுக்கு ஒரு சல்யூட். சொல்லி முடிக்கவும் லைட்டை டிம் பண்ணி குண்டு சத்தம் போட்டாங்க. என் பக்கத்துல நின்ன சின்னப் பையன் அவங்கப்பா பேன்ட்டைப் புடிச்சுக்கிட்டான். எனக்கும் யாரையாவது புடிச்சுக்கணும் போலத்தான் இருந்துச்சு.

கடைசி கமாண்டர் லாங்க. 1944 ஜூன் 4, ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கால, அமெரிக்க கேப்டன் கேலரியோட குழு வளைச்சுடுச்சு. குவாடல்கனால்னு ஒரு சின்ன விமானந்தாங்கி, கூட அஞ்சு எஸ்கார்ட் கப்பல். அடி தாங்காம மேல வந்து, கப்பல் முழுகட்டும்னு வால்வைத் தொறந்து விட்டுட்டு ஜெர்மன்காரங்க தண்ணியில குதிச்சுட்டாங்க. ஆனா இன்ஜினை யாரும் நிறுத்தல! ஆளே இல்லாம கப்பல் வட்டம் போட்டுச் சுத்துது, பின்னாடியே ஒரு படகுல தொரத்திட்டுப் போயி ஏறியிருக்காங்க. லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட்டும் கூட இருந்தவங்களும், முழுகிட்டிருக்கிற கப்பலுக்குள்ள, வெடி வச்சிருக்கானோ என்னமோன்னு தெரியாமலே இறங்கி, தண்ணி பொங்குற ஓட்டையோட மூடியைத் தேடி எடுத்து அடைச்சுட்டாங்க. உள்ள செய்தியை ரகசியக் குறியீடா மாத்துற எனிக்மா மெஷின், கோட் புத்தகம், புது மாதிரி டார்பிடோன்னு பொக்கிஷமே கெடச்சிருக்கு. ஜெர்மனிக்குத் தெரிஞ்சா ரகசியக் குறியீட்டை மாத்திருவான்னு கப்பலை பெர்முடாவுக்கு இழுத்துட்டுப் போயி ஒளிச்சு வச்சு, புடிச்ச 58 பேரையும் லூசியானாவுல செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூட காட்டாம வச்சிருந்தாங்க. வீட்டுல எல்லாம் செத்துட்டாங்கன்னே நினைச்சிருப்பாங்க.

மொத்தம் 12 பயணம், எட்டு கப்பல். கூட வேட்டைக்குப் போன எத்தனையோ நீர்மூழ்கி கடலுக்கடியில கெடக்குது, இது மட்டும் 1954ல ஏரி வழியா சிகாகோ வந்து, ஒரு ராத்திரி ரோட்டையே மூடிவச்சு குறுக்கால இழுத்துட்டு வந்து, இப்போ ஏசியில படுத்திருக்கு.

வெளிய வந்தா மணி மூணு, புளிசாதம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. இந்தத் தடவை பஸ்ஸுக்கே நின்னேன். பத்து நிமிஷத்துல வந்துடுச்சு, அதான் கடுப்பு.