வெசாக் வாரக் குறிப்புகள்

மே 8, 2025, வியாழன்

மறுபடியும் அதே வரி: இணைப்பு மூடப்பட்டது. மருதானை ஒபிஸில் இருக்கும் போர்டில் (ஒரு சின்னக் கணினி) எங்கள் டீபக் சேர்வர், அதாவது அங்கே ஓடும் புரோகிராமை நிறுத்திப் பிழை தேட உதவும் புரோகிராம், செத்துவிடுகிறது. வெள்ளவத்தையில் அதோடு பேசும் என் டீபக்கர் ஜிடிபிக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். எரிச்சல் என்னவென்றால், சோதிக்கப்படும் புரோகிராம் சாவதில்லை. டீபக் சேர்வர் போனதும் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதன் திரெட்டுகளை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) எல்லாம் அவிழ்த்துவிடுகிறது, அது பாட்டுக்கு ஓடுகிறது. அதனால்தான் இவ்வளவு காலமும் எல்லோரும் நெட்வேர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் லாப் ரிப்போர்ட் வரவில்லை.

மே 9

திங்கள் வாருங்கள் என்றார்கள். திங்கள் வெசாக் லீவு என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மே 10

சேர்வர் தான் செய்வதை எழுதிவைக்கும் லொக்கை முழுதாகத் திறந்துவிட்டால் கிராஷ் வருவதில்லை, மூடினால் வருகிறது. லொக் எழுதுகிற தாமதத்தில் ஏதோ ஒன்று ஒழுங்காகிவிடுகிறது. டாஸ்க்செட் கட்டளை போட்டு எல்லாவற்றையும் புரொசசரின் ஒரே கோரில் அடைத்தேன், மத்தியானம் வரை அசையவில்லை. நான்கு கோரையும் திறந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், எழும்புவதற்குள் விழுந்துவிட்டது. ஆக, யார் முந்துகிறார் என்பதுதான் விஷயம்.

அப்பா இன்றும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. "தம்பி, அவருக்கு முன்னால அதைப் பற்றிக் கதையாதே" என்கிறார் அம்மா. கதைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

மே 11

கோர் டம்ப் (விழுந்த நேரத்து மெமரியின் பிரதி) கிடைத்தது. நல் பொயின்டர், எதையும் காட்டாத வெற்று முகவரி. எங்கே என்று பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது.

புதிய திரெட் ஒன்று உருவானால் கேர்னல் இரண்டு செய்தி தருகிறது. குளோன் செய்து அதைப் பெற்ற திரெட் நின்று அதைச் சொல்லும். புதியதும் சிக்ஸ்டொப்போடு ('நில்' என்னும் சிக்னல்) நின்று தன்னைக் காட்டும். இரண்டில் எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. எங்கள் கோடை எழுதியவர் (இப்போது மெல்போர்னில், நன்றாக இருக்கட்டும்) பெற்றவர்தான் எப்போதும் முதலில் பேசுவார் என்று நம்பியிருக்கிறார். பிள்ளை வந்து வாசலில் நிற்கிறது, பிறந்த தந்தி இன்னும் வரவில்லை. வெயிட்பிட் (யார் நின்றார் என்று கேர்னலிடம் கேட்கும் அழைப்பு) ஒரு திரெட்டின் எண்ணைத் தருகிறது, அந்த எண் எங்கள் பட்டியலில் இல்லை, தேடினால் நல் வருகிறது. அடுத்த வரி அதற்குள்ளேயே நிலையை எழுதப் போகிறது. ஒரு கோரில் வரிசை மாறாமலே இருந்திருக்கும், நான்கில் அப்படி இல்லை.

இதில் புதிதாக எதுவும் இல்லை. ஜிடிபியின் சோர்ஸிலேயே இதற்கென்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. முன்பின் தெரியாத எண் வந்து நின்றால் அதில் போட்டுவைக்கிறார்கள். குளோன் செய்தி வந்ததும் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்களுடையதை எழுதினார்களாம். சரி.

லாப் நாளைக்கு மட்டுமா, நாளன்றைக்கும் பூட்டா? போனை எடுக்கிறார்கள் இல்லை.

மே 12

காலி வீதி முழுக்கத் தன்சல், வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்கள். அப்பா பல்கனியில் இருந்து வெசாக் கூடுகளைப் பார்த்தார், கொஞ்சம் ஐஸ்கிரீம் கேட்டார். கேட்டார்!

மே 13

இன்றும் பூட்டு. லீவு நாளில் ஒபிஸ் போர்டை யாரும் தொடமாட்டார்கள், அந்த மட்டில் நல்லது.

ஜிடிபியில் இருப்பது போன்ற பட்டியலைச் சேர்த்தேன். பழைய கிராஷ் போனது, உடனே வேறொன்று. பிறந்த வேகத்திலேயே முடிந்துவிடுகிற திரெட்டுகள். நாங்கள் அதன் ரெஜிஸ்டரை (புரொசசரில் இருக்கும் மதிப்புகளை) வாசிக்கப் போகும்போது ஆள் இல்லை, பீட்ரேஸ் (திரெட்டை நிறுத்தி உள்ளே பார்க்கும் கேர்னல் அழைப்பு) 'அப்படி ஒரு புரொசஸ் இல்லை' என்கிறது. பழைய கோட் அதைக் கேட்டதும் எக்ஸிட் போட்டுத் தானும் போய்விடும். இது என்ன மானஸ்தன் வேலை? பீட்ரேஸில் நிறுத்திவைத்த திரெட்டும் சிக்கில் (கொல்லும் சிக்னல்) வந்தால் செத்துத்தான் போகும், அது நடக்கக்கூடியதுதானே. இனி அந்தப் பிழை வந்தால் சேர்வர் அந்தத் திரெட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடும். ஜிடிபி 'இந்தத் திரெட் உயிரோடு இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்று பதில் போகும். அவ்வளவுதான் வேலை.

அம்மா விடிய எழும்பிப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் என் நெற்றியில் திருநீறு பூசினார். கீபோர்டிலும் கொஞ்சம் கொட்டிவிட்டது.

மே 14

விடிய விடிய ஓடியிருக்கிறது. நான்கு கோர், லொக் மூடி. ரிலீஸ் போடலாமா என்று ஒபிஸில் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் லீடர் திரெட் (புரோகிராமின் முதல் திரெட்) முதலில் வெளியேறும் கேஸ் பாக்கி. மற்றவை முடியும் வரை அது ஸோம்பியாக, செத்தும் போகாமல், நிற்கும், வெயிட்பிட் வாயே திறக்காது. நாங்கள் அதற்காகக் காத்திருந்தால் தொங்கிவிடுவோம். இன்றிரவு பார்க்க

லாபில் இருந்து கோல் எடுத்தார்கள். பத்தரைக்கு டொக்டர், அப்பாவையும் கூட்டி வரட்டாம். பிக்மீயில் வாகனம் போட்டாகிவிட்டது.