ரங்கூன் மாடியில் ஒரு செடித் தொட்டி

மே 4

செடி நட்டு மீன் வளர்க்கப் போகிற கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்துவிட்டது. இரண்டடிக்கு ஓரடி, உயரம் 36 சென்டிமீட்டர், விளிம்பு வரை ஊற்றினால் 65 லிட்டர் கொள்ளும். இதைவிடப் பெரியதாக வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒருமுறை மூன்றாம் மாடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்க்கட்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் சகாயிங், மண்டலே பக்கம் செய்த நாசத்துக்கு முன்னால் இங்கே நடந்தது ஒன்றுமே இல்லை, ஆனாலும் கட்டடம் ஆடியது ஆடியதுதான். அன்றிலிருந்து அம்மாவுக்கு உயரத்தில் கண்ணாடி இருந்தால் ஆகாது. அதனால் ஸ்டாண்ட் வேண்டாம் என்று முடிவாகி, சுவரை ஒட்டித் தரையில் இரண்டு வரிசை செங்கல், அதன்மேல் பலகை, பலகைமேல் தெர்மோகோல், அதன்மேல் தொட்டி. மண், மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 90 கிலோவை நெருங்கும். தெர்மோகோல் அழகுக்கு இல்லை. பலகையில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

மே 8

தன்லின் பக்கம் மாமாவின் வயலிலிருந்து ஒரு சாக்கு மண் வந்திருக்கிறது. இந்த வருஷம் இன்னும் உரம் போடாத பாத்தியிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தேன். யூரியா விழுந்த மண் என்றால் தொட்டியில் அம்மோனியா மாதக்கணக்கில் அடங்காது.

கடையில் கிடைக்கும் வெளிநாட்டு அக்குவா மண் (தொட்டிச் செடிகளுக்கென்று செய்தது) ஒரு பை என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்தபிறகு வயல் மண் மேல் மரியாதை கூடிவிட்டது. சலித்து, வேரும் வைக்கோலும் எடுத்து, வாளியில் ஊறவைத்து, மிதப்பதைக் கொட்டி, பால்கனியில் காயவைத்து, மறுபடி ஊறவைக்கிறேன். மக்க வேண்டியது வாளியிலேயே மக்கிவிட்டால் தொட்டிக்குள் தொல்லை குறைவு.

மே 11

கசோன் பௌர்ணமி (இங்கே புத்த பௌர்ணமி) லீவு. காலையிலேயே ஆரம்பித்தாகிவிட்டது.

அடியில் இரண்டு விரல் கனம் மண், அதன்மேல் ஆற்று மணல். மணலை அரிசி களைகிற மாதிரி களைந்து களைந்து கை தோல் உரிந்தது. மண்ணை இதற்குமேல் கனமாகப் போடக்கூடாது. ஆக்சிஜன் எட்டாத அடி மண்ணில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும், கிளறும்போது அழுகிய முட்டை வாடை வரும்.

தண்ணீர் எங்கள் கட்டடத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். குளோரின் தொல்லை கிடையாது, பதிலுக்கு இரும்பு. அதுவும் கரண்ட் இருக்கும்போதுதான் மோட்டார் ஓடி மேலே ஏறும். டிரம்மில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு இரவு விட்டால் இரும்பு துருவாகி அடியில் மஞ்சளாகப் படிகிறது. மேல் தண்ணீரை மட்டும் டியூபால் இழுத்து, மணல் கலையாமல் ஒரு தட்டின்மேல் ஊற்றினேன்.

செடிகளில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. வாலிஸ்னேரியா, வேலம்பாசி, ஹார்ன்வோர்ட், வாட்டர் ஸ்ப்ரைட், கொஞ்சம் கிரிப்டோகோரைன், மிதப்பதற்கு ஆகாயத்தாமரை. மணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நட்டிருக்கிறேன். முதல் நாளே நாலு செடியை மூலைக்கு ஒன்றாக நட்டுவிட்டுப் படம் எடுப்பவர்களின் தொட்டியில் அடுத்த மாதம் பாசிதான் வளரும். செடிகளை இளஞ்சிவப்பாகக் கரைத்த பெர்மாங்கனேட் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கித்தான் எடுத்தேன், இருந்தும் நத்தைகள் வரும், வரட்டும், மணலைக் கிளறிக்கொண்டிருக்கும்.

மே 14

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது, நீர்மோர் ஊற்றியது போல. அக்கா மகன் "மாமா, செத்துப்போச்சா?" என்கிறான். சாகவில்லை, பிறந்திருக்கிறது. கழிவைத் தின்னும் சாதாரண பாக்டீரியாக்கள் இப்படித்தான் திடீரென்று பெருகும், தீனி தீர்ந்ததும் தானாக அடங்கும். நமக்கு வேண்டிய பாக்டீரியா இவை அல்ல, விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை. அவை சோம்பேறிகள்: சாதாரண பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், இவற்றுக்கு அரை நாளோ அதற்கு மேலோ ஆகும். தொட்டி சைக்கிள் ஆக, அதாவது அந்தப் பாக்டீரியா தொட்டியில் நிலைபெற, வாரக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் இதுதான், வேறு மர்மம் இல்லை.

மே 19

முதல் டெஸ்ட். அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் பூஜ்யம். நான் எதுவும் போடாமலேயே மண்ணிலிருந்து வந்தது.

மீன் கடைக்குப் போனேன். "ஞீலே, ஒரு வாரம் தண்ணி ஓடட்டும், அப்புறம் மீனை விடு" என்கிறார் கடைக்கார அக்கோ (பர்மிய மொழியில் ஞீலே தம்பி, அக்கோ அண்ணன்). அவருடைய தொட்டிகளில் மீன் இரண்டு நாளில் விற்றுப் போய்விடும், அவருக்கு அது சரி. எனக்கு இந்த 2 பிபிஎம்மில் மீனை விட மனசு வராது. அம்மோனியாவில் எவ்வளவு விஷமாகும் என்பது தண்ணீரின் காரத்தைப் பொறுத்தது: 25 டிகிரியில் pH 7 என்றால் நூற்றில் அரைப் பங்குதான் விஷ வடிவில் இருக்கும், pH 8 என்றால் ஐந்து பங்குக்கும் மேல். சூடு ஏற ஏற இன்னும் கூடும். என் தொட்டி இன்று 31 டிகிரி.

அக்கோ பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்றையும் காட்டினார். அருமையான பொருள், கரண்ட் உள்ள ஊருக்கு. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற பாக்டீரியாவே மிச்ச ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சில மணி நேரம் கழித்து கரண்ட் வந்து மோட்டார் ஓடும்போது அந்த அழுகல் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கும். முறைவைத்து கரண்ட் விடுகிற ஊரில் இது வேண்டாத வம்பு. நான் வாங்கியது ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சார்ஜ் போட்டுக்கொள்ளும் ஏர் பம்பும். ஸ்பாஞ்ச் தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் பம்ப் நின்றாலும் மெல்லத்தான் மூச்சு முட்டும்.

கிரிப்டோகோரைன் இலையெல்லாம் கூழாகிவிட்டது. இடம் மாற்றினால் அது அப்படித்தான் செய்யும், வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் தளிர்க்கும்.

மே 27

இரவு பத்து மணி, கரண்ட் இல்லை, டெஸ்ட் பண்ண உட்கார்ந்தேன். சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் இந்த நிறங்களைப் பார்ப்பது வீண் வேலை. அம்மோனியா குழாய் மஞ்சளா பச்சையா என்று பார்த்தால் எல்லாமே பச்சையாகத் தெரிகிறது. விடிந்ததும் ஜன்னல் ஓரம், வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்: அம்மோனியா 1, நைட்ரைட் குழாய் வான நீலம் போய்க் கத்தரிப்பூ நிறம். முதல் படி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

பாட்டிலில் அடைத்து "உயிருள்ள பாக்டீரியா" என்று விற்கிறார்களே, அதில் எந்தப் பாக்டீரியா என்று லேபிளில் தேடிப் பாருங்கள். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய புத்தகங்கள் எல்லாம் சொல்லின. 1998-ல் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா. 2011-ல் வீட்டுத் தொட்டிகளின் ஃபில்டர்களைப் பார்த்தவர்கள், நன்னீரில் அம்மோனியாவைத் தின்பதில் ஆர்க்கியா என்கிற வேறு வகை உயிரிகள் பெரும்பங்கு என்று கண்டார்கள். 2015-ல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவதையும் ஒரே ஆளாக முடிக்கும் நைட்ரோஸ்பைரா வேறு கிடைத்தது. இவை எல்லாம் மண்ணிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு சும்மா வருபவை. தன்லின் வயல் மண்ணில் இல்லாததா பாட்டிலில் இருக்கப் போகிறது?

ஜூன் 5

கண்ணாடி முழுக்கப் பழுப்புப் படலம். டயட்டம் என்கிற நுண்பாசி. விரலால் தேய்த்தால் போகிறது. புதுத் தொட்டிக்கு வரும், போகும்.

ஜூன் 14

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, தொட்டி 28 டிகிரிக்கு இறங்கிவிட்டது, ஹார்ன்வோர்ட் கண்முன்னே வளர்கிறது. மிதக்கும் செடிகளின் வேர் ஒரு சாண் தொங்குகிறது. வேரைத் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மயிரிழையிலும் பழுப்புத் துகள் ஒட்டியிருக்கிறது, அதற்குள் ஏதேதோ வெள்ளைப் புள்ளிகள் துள்ளி ஓடுகின்றன. சைக்ளாப்ஸ் என்கிற குட்டி நீருயிரியாக இருக்க வேண்டும்.

இந்த ஊரில் இவ்வளவு மழை பெய்யும்போது கிணற்று இரும்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், முழுக்க மழைத்தண்ணீர் ஊற்றலாமே என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். ஊற்றலாம், ஆனால் பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரில் உள்ள கார்பனேட்டையும் சேர்த்துச் செலவழிக்கிறது. மழைத்தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. கையிருப்பு தீர்ந்தால் pH சரிந்து 6-க்குக் கீழே போகும், அங்கே பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும், சைக்கிள் பாதியில் நிற்கும். அதனால் பாதி கிணறு, பாதி மழை. முதல் மழையில் கூரை அழுக்கு வரும், அதைப் பிடிக்கக்கூடாது. இப்போது pH 7.2, கார்பனேட் கடினம் 4.

நைட்ரைட் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை, 0.5-இலேயே நின்றது. காரணம் செடிகள். அவை நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி எடுக்கும், அதனால் பாக்டீரியாவின் இலையில் சோறு குறைகிறது. அடர்த்தியாக நட்ட தொட்டியில் சைக்கிள் சத்தமில்லாமல் நடக்கும் என்பது இதுதான்.

ஜூன் 22

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 5. (நைட்ரேட் டெஸ்ட்டின் இரண்டாவது பாட்டிலைக் கை வலிக்கக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைத்துக் காட்டும்.)

ஆனால் பூஜ்யம் என்றால் தீனி இல்லாமல் பூஜ்யமா, தின்று தீர்த்த பூஜ்யமா? அதைத் தெரிந்துகொள்ள அம்மோனியம் குளோரைடு வேண்டும். அதற்குக் கெமிக்கல் கடை தேடி அலைய வேண்டியதில்லை, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பாயிடம் இருக்கிற நவச்சாரம்தான் அது. சுத்தமான வெள்ளைக் கட்டியாகப் பார்த்துக் கொஞ்சம் கேட்டேன். "தம்பி, மீனுக்கு ஈயம் பூசப் போறியா?" என்றார். என் தொட்டியில் நிகரத் தண்ணீர் 50 லிட்டர், 2 பிபிஎம் ஏற்ற 0.3 கிராம் போதும், அதாவது ஒரு சிட்டிகை. நேற்றுக் காலை போட்டேன், இன்று காலை இரண்டுமே பூஜ்யம். நடுவில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை.

ஜூன் 28

எந்த மீன் என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இல்லை.

அக்கோ கேலக்ஸி ராஸ்போராவை நீட்டினார். 2006-ல் ஷான் மாநிலத்தில் ஹோபொங் பக்கத்துக் குட்டைகளில் கண்டெடுத்து உலகம் முழுக்கப் பைத்தியம் பிடிக்க வைத்த மீன், நம் நாட்டு மீன், கொள்ளை அழகு. ஆனால் அது ஆயிரம் மீட்டர் உயரத்தில், 22, 24 டிகிரித் தண்ணீரில் வாழ்வது. மலை ஊரான தௌங்ஜியில் வீடு இருந்தால் வளர்க்கலாம். ஏப்ரல் மாத ரங்கூனில், பம்பும் ஓடாதபோது, அதை வளர்ப்பது வதை. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும், 30-ல் 7.6. இரவில் செடிகளும் மூச்சுவிடுவதால் விடியற்காலையில்தான் தொட்டி மிகவும் திணறும்.

நான் கொண்டுவந்தது தடித்த உதட்டு கௌராமி ஒரு ஜோடி. இதுவும் ஐராவதிப் படுகை மீன்தான். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக வந்து, பிறகு மீன்களிலேயே மூழ்கிவிட்ட பிரான்சிஸ் டே 1877-ல் பெயர் வைத்தது. செவுளுக்கு மேலே இருக்கும் தனி உறுப்பால் வெளிக்காற்றையே சுவாசிக்கும். பம்ப் நின்றால் அதற்கு என்ன வந்தது? மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும்.

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பையை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, கடைத் தண்ணீர் உள்ளே போகாமல் வலையால் எடுத்து விட்டேன். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

ஜூலை 6

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம்.

வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு துடுப்புகள். ஆண் மீன் அவற்றை முன்னால் நீட்டி நத்தையைத் தடவிப் பார்க்கிறது, நத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, கொஞ்சம் பொறுத்து மறுபடி தடவுகிறது. கரண்ட் போயிருந்தது. கீழ்த் தெருவில் பிள்ளைகள் "மீ லா ப்யீ!" (கரண்ட் வந்துடுச்சு) என்று கத்தியதும் விளக்கு எரிந்தது, இரண்டும் வாலிஸ்னேரியாவுக்குள் ஓடிவிட்டன. இனி விளக்கை நேரடியாக எரியவிடாமல் ஒரு டைமரோடு, சாயங்காலம் மட்டும். பகலுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்.

ஜூலை 18

ஆடி முதல் வெள்ளி. அம்மா கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தேன், ஆகாயத்தாமரை வேர்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நுரை. ஆண் மீன் கூடு கட்டுகிறது. கிட்டே வந்தால் பெண்ணைத் துரத்துகிறது. அது ஹார்ன்வோர்ட் புதருக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, பரவாயில்லை.

ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழிகள் கூட்டைக் கலைத்தன, அதனால் கரண்ட் இருந்தும் பம்பை நானே நிறுத்திவிட்டேன். செடி இருக்கிற தைரியம். நாளை காலை டெஸ்ட் பண்ணிவிட்டு, தேவைப்பட்டால் மெதுவாகத் திறக்கலாம்.

குஞ்சு பொரித்தால் அவற்றின் வாய்க்கு ஆர்ட்டீமியா என்கிற குட்டி இறால்கூடப் பெரிது, இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர்கள்தான் கொடுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரோடு முட்டைக்கோஸ் இலை இரண்டைப் பாட்டிலில் போட்டு நேற்றே சமையலறை ஜன்னலில் வைத்திருந்தேன். கூழ் காய்ச்சுகிற இடத்தில் இந்த நாற்றமா என்று அம்மா பாட்டிலைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டார். மழை விழாமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.