சகலை வீட்டோடு ஐரோப்பா: சேர்த்துச் செய்தவை, பிரித்து வைத்தவை

இரண்டு ஜோடியாகப் போனால் ஐரோப்பா செலவு பாதியாகிவிடும் என்று நம்ம பக்கம் பலர் நினைக்கிறார்கள். பாதியெல்லாம் ஆகாது. நான்கு பேர் சேர்வதால் இறங்குவது தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். விமானம், விசா, காப்பீடு மூன்றும் தலைக்கு இவ்வளவு என்றே வரும். எதைச் சேர்த்துச் செய்வது, எதைத் தனித்தனியாக வைப்பது என்று முதல் நாளே பிரித்துவிட்டால் காசும் மிச்சம், மனஸ்தாபமும் இல்லை. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்யும் வீடு ஒன்று, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சகலை வீடு ஒன்று. இந்த இரண்டு வீட்டுக் காகிதங்களையும் வைத்து நாங்கள் செய்த முறை இது.

ஊர்கள் மூன்று, இரவுகள் பத்து: ப்ராக் (செக் நாடு) 3, வியன்னா (ஆஸ்திரியா) 4, புடாபெஸ்ட் (ஹங்கேரி) 3. பாரிஸ், ரோம், சுவிஸ் என்று ஒரே மூச்சில் சுற்ற ஆசைப்பட்டால் பாதிப் பணம் பாதையிலேயே போய்விடும். சுவிட்சர்லாந்தில் சாதாரண ஓட்டல் சாப்பாடே பட்ஜெட்டைக் கலைக்கும். இந்த மூன்று ஊர்களும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. ப்ராகிலிருந்து வியன்னா சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் 2 மணி 40 நிமிடம். ஒரு பகல் மட்டும் போய்வர, வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா இருக்கிறது. மாதம் செப்டம்பர். மே, ஜூனைவிட விமானக் கட்டணம் இறங்கியிருக்கும், குளிரும் தாங்கும்.

யூரோவை ரூ.105 என்று வைத்துத் தலைக்கு ரூ.1,80,000 உச்சவரம்பு போட்டோம். விமானம் 65,000. விசா, விசா விண்ணப்ப மையத்தின் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்த்து 14,000. தங்க, நால்வருக்கும் சேர்த்து எடுக்கும் ஒரு வாடகை வீட்டுக்கு இரவுக்கு 130 யூரோ என்று பத்து இரவுக்கு நான்கில் ஒரு பங்கு 34,000. ஊர் விட்டு ஊர் ரயில் 8,000, ஊருக்குள் டிராம், மெட்ரோ 5,000. சாப்பாடு நாளுக்கு 25 யூரோ வீதம் பதினொரு நாளுக்கு 29,000. நுழைவுச் சீட்டுகள் 12,500. மிச்சம் 12,500 கைக்காவல். இந்தக் கைக்காவலைத் தொடாமல் திட்டம் போடுவது முக்கியம். ரயில் தவறினாலோ பல் வலி வந்தாலோ இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

விமான டிக்கெட்டை ப்ராகில் இறங்கி புடாபெஸ்டில் ஏறுவது போல ஒரே பயணமாக எடுங்கள். தேடும் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்று இருக்கும். போகவர ஒரே ஊருக்கு எடுத்தால் கடைசியில் திரும்பி வர ஒரு நாளும் ஒரு ரயில் கட்டணமும் வீண். கோவையின் பீளமேடு விமான நிலையத்திலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. ஷார்ஜாவுக்கோ அபுதாபிக்கோ கோவையிலிருந்து ஒரு டிக்கெட், துபாயிலிருந்து வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட் என்று ஒட்டுப்போடாதீர்கள். விமான நிலையம் விட்டு வெளியே வர அமீரக விசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். கொச்சியிலிருந்து எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் இருக்கின்றன. இரண்டுக்குமே ப்ராக், புடாபெஸ்ட் இரண்டு ஊருக்கும் விமானம் உண்டு. கோவையில் ரயிலேறி ஆலுவாவில் இறங்கினால் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி பக்கம்தான்.

நான்கு பேருக்கும் ஒரே விமானம், ஆனால் ஜோடிக்கு ஒரு பிஎன்ஆர். ஒரே பிஎன்ஆரில் நால்வரையும் போட்டால், ஒரு ஜோடிக்கு விசா வராதபோது பிரித்து ரத்து செய்வது பெரும் தலைவலி. விசா விதியின்படி விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சான்று போதும். விசா வரும் முன்பே பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். விலை ஏறுமே என்று பதறி வாங்குபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

விசாதான் இதில் பெரிய வேலை, நிதானமும் இங்கேதான் வேண்டும். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் பகுதி; அதில் இப்போது 29 நாடுகள், ஒரே விசா. எந்த நாட்டிடம் கேட்பது என்பதில்தான் முதல் பிசகு நடக்கும். அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும், இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்கள் திட்டத்தில் இறங்குவது செக் நாட்டில் என்றாலும் வியன்னாவில் 4 இரவு இருப்பதால் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கு. வியன்னாவுக்குக் கூடுதல் இரவு வைத்ததே இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான். விசா வந்தபிறகு வியன்னாவைச் சுருக்கிவிட்டு வேறு நாட்டில் அதிகம் தங்கக் கூடாது. எல்லையில் கேள்வி வரும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள்வரை. செப்டம்பர் பயணத்துக்கு ஜூனில் கொடுத்துவிடுவது நல்லது. கோடை விடுமுறைக் கூட்டத்தில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம், அதனால் ஏப்ரலிலேயே தேதி தேட ஆரம்பியுங்கள். கைரேகை கொடுக்க நால்வரும் நேரில் போக வேண்டும். கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கனுக்குக் கைரேகை கொடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. சென்னை மையம் என்றால் முந்தைய இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலை வேலைக்குச் சரியாக இருக்கும். கட்டணம் 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பின்னும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். நம் பாஸ்போர்ட்டுகளில் பெயர்ச் சிக்கல் அதிகம். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட், காப்பீடு, தங்கும் பதிவு எல்லாவற்றிலும் போடுங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லையென்றால் திருமணப் பதிவுச் சான்றிதழை இணைத்துவிடுங்கள்.

நான்கு விண்ணப்பமும் தனித்தனி. ஒன்றாகப் போவதால் ஒருவர் வருமானம் மற்ற வீட்டுக்கு உதவாது. ஜோடிக்கு ஒரு வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கி முத்திரையோடு, கடைசி 6 மாதத்துக்கு எடுத்தோம். அதிகாரி பார்ப்பது கையிருப்பை மட்டுமல்ல, அது எப்படிச் சேர்ந்தது என்பதையும்தான். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு மாமனாரிடம் வாங்கி நான்கு லட்சத்தை மொத்தமாகக் கட்டினால் அது பலம் ஆகாது, சந்தேகம்தான் வரும். பணம் போட வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் முன்பே போடுங்கள், பெரிய வரவு ஏதும் இருந்தால் அதற்கான காகிதத்தையும் வையுங்கள்.

தொழில் செய்பவருக்கு ஜிஎஸ்டி பதிவுச் சான்று, நிறுவனக் கணக்கு அறிக்கை, மூன்று ஆண்டு வருமான வரித் தாக்கல். சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் விடுப்பு அனுமதிக் கடிதமும். இதெல்லாம் எளிது. தோட்டக்காரருக்குத்தான் யோசனை வேண்டும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலர் தாக்கலே செய்வதில்லை. விசா அதிகாரிக்கோ அந்தத் தாக்கல்தான் தெரிந்த மொழி. பயண எண்ணம் இருந்தால், விலக்குப் பெற்ற வருமானம் என்று காட்டி இப்போதிருந்தே தாக்கல் செய்து வையுங்கள். கூடவே பட்டா, சிட்டா, அடங்கல், வருவாய்த் துறையின் வருமானச் சான்றிதழ், தேங்காய், கொப்பரை விற்ற ரசீதுகள். அந்த ரசீதுத் தொகைகள் வங்கி அறிக்கையில் வரவாக வந்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கிச் செலவழித்த பணத்தைக் காட்ட வழியில்லை. தமிழில் உள்ள ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கினோம். ஊரில் தோட்டமும் வீடும் இருப்பது, திரும்பி வருவார்கள் என்பதற்கு நல்ல சாட்சி. அதை, விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

கடிதத்தில் நாள்வாரியாக எங்கே தங்கல், எந்த ரயில் என்று இருக்க வேண்டும். நான்கு கடிதத்திலும் அந்த அட்டவணை ஒன்றாகவே இருக்கட்டும், கூட வரும் மூவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருக்கட்டும். ஒருவர் கடிதத்தில் வியன்னா 4 இரவு, இன்னொருவர் கடிதத்தில் 3 இரவு என்று வந்தால் நால்வருக்கும் சிக்கல். கடிதங்களை ஒரே ஆள் உட்கார்ந்து தயாரிப்பது நல்லது. காப்பீடு ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாமல், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், பயண நாட்கள் முழுவதற்கும் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுங்கள். மாத்திரைகளோடு மருத்துவர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் பெயர், தேதிகள், நாள் எண்ணிக்கை, நுழைவு எண்ணிக்கை நான்கையும் பாருங்கள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் எண்ணிக்கையில் சேரும். ஒருமுறை நுழைவு மட்டும் கொடுத்திருந்தால் புடாபெஸ்டிலிருந்து செர்பியாவுக்கு ஒரு எட்டு போய்வர முடியாது, வெளியே போனால் விசா முடிந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை.

தங்க, வீடாக எடுப்பதில்தான் நான்கு பேர் சேர்ந்த லாபம் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் 'நான்கு பேர் தங்கலாம்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பல வீடுகளில் ஒரு படுக்கையறையும் ஹாலில் ஒரு சோபாக் கட்டிலும்தான் இருக்கும். சகலை வீட்டோடு போகும்போது கதவு வைத்த இரண்டு அறை இல்லாவிட்டால் மூன்றாம் நாளே சங்கடம். படங்களை எண்ணிப் பாருங்கள், லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், துவைக்கும் எந்திரம் உள்ள வீடாகப் பிடியுங்கள். துவைக்க முடிந்தால் ஆளுக்கு ஐந்து செட் துணி போதும். சுத்தம் செய்யும் கட்டணமும் தலைக்கான ஊர் வரியும் கடைசிப் பக்கத்தில்தான் கூடும், அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஊர் நடுவில் வேண்டாம், மெட்ரோ நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தால் போதும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுத்து, உறுதிச் சீட்டில் நால்வர் பெயரும் வரும்படி கேட்டு வாங்குங்கள். விசாவுக்கு அதுவே சான்று.

ரயிலுக்கு, பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான யூரெய்ல் பாஸ் வேண்டாம். மூன்று ஊருக்கு இரண்டே நீண்ட பயணம், பாஸ் கட்டுப்படியாகாது. ஆஸ்திரிய ரயில்வேயின் 'ஸ்பார்ஷீனே' என்ற முன்பதிவுச் சலுகை, செக் ரயில்வே, ரெஜியோஜெட் என்ற தனியார் கம்பெனி மூன்றிலும் ஒரே நாளுக்கு விலை பாருங்கள். முன்கூட்டி எடுக்க எடுக்க மலிவு. ஆனால் அந்தச் சலுகைச் சீட்டு அந்த ரயிலுக்கு மட்டும்தான், தவறினால் செல்லாது. தேடும்போது வியன்னா 'வீன்' என்றும் ப்ராக் 'ப்ராஹா' என்றும் வரும். ரெயில்ஜெட் என்ற விரைவு வண்டியில் இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை, சில யூரோதான், நால்வர் எதிரெதிரே உட்கார மேசை இருக்கை எடுத்துவிடுங்கள். ஊருக்குள் காகிதச் சீட்டு வாங்கினால் முதல் பயணத்தில் எந்திரத்தில் நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாத கணக்கு. பரிசோதகர் மஃப்டியில் வருவார், அபராதம் அங்கேயே.

சமையலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்று இல்லாமல் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மிளகாய்த்தூள் போதும். அரிசி, பருப்பு, வெங்காயம், தயிர் அங்கே வாங்கினால் அரிசி பருப்பு சாதம் ஒரு இரவுச் சாப்பாடு. இரண்டாவது, வீடுகளில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பு. நம் சாதா அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது, அடியில் இண்டக்‌ஷன் தகடு உள்ள சின்னக் குக்கர் கொண்டுபோங்கள். காலையும் இரவும் வீட்டில், மதியம் வெளியில் என்றால் நாளுக்கு 25 யூரோவில் அடங்கும். ஆஸ்திரியாவில் ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டுகள் பூட்டியிருக்கும், சனி மாலையே வாங்குங்கள். பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். வியன்னாவில் குழாய்த் தண்ணீர் மலை ஊற்று நீர், பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆஸ்திரியாவில் யூரோ, செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபொரின்ட். யூரோவில் கொஞ்சம் ரொக்கம், மற்றதெல்லாம் கார்டு. கார்டு எந்திரம் 'ரூபாயில் கட்டவா, உள்ளூர்ப் பணத்தில் கட்டவா' என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம். ரூபாய் என்று அழுத்தினால் மோசமான மாற்று விலையில் பிடிப்பார்கள். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். இணையத்தில் சீட்டு வாங்க ஓடிபி வரும், ஒரு இந்திய எண்ணாவது ரோமிங்கில் இருக்கட்டும்.

வாடகை, மளிகை, டிராம் மூன்றும் பொது உண்டியலில். ஜோடிக்கு 300 யூரோ போட்டுத் தீர்ந்ததும் மறுபடி சமமாகப் போடுவது. நுழைவுச் சீட்டு, காபி, கடைச் சாமான் அவரவர் பாடு. ஒரு ஜோடி வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனைக்குள் போக, மற்றது இலவசமான அதன் தோட்டத்தில் நடக்கலாம். கட்டாயமாக நால்வரும் ஒன்றாகப் போனால்தான் செலவும் சலிப்பும் கூடும். கணக்கை ஒருவர் எழுதட்டும், இரவு படுக்கும் முன் மற்றவர் பார்க்கட்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை படிப்படியாகத் தொடங்கியது. குடியேற்றச் சோதனை நடப்பது முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில். வளைகுடா வழியாகப் போனால் அது ப்ராகிலேயே நடக்கும். பிராங்பர்ட்டில் மாறிப் போவதாக இருந்தால் இடையில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். ஊர் திரும்பிய பின் போர்டிங் பாஸ்களை எறியாமல் பழைய பாஸ்போர்ட்டோடு வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு ஆண்டுப் பலமுறை விசாவாகக் கிடைக்க வழி இருக்கிறது.