ஒரு சுவரோவியத்தை விடைத்தாளில் எப்படி எழுதுவது?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பலர் கலை, பண்பாட்டுப் பகுதியைப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள். எந்த ஓவியம், எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று. முதல்நிலைத் தேர்வுக்குச் சரி. முதன்மைத் தேர்வில் 15 மதிப்பெண்ணுக்கு 250 சொல் எழுத உட்காரும்போது அந்தப் பட்டியல் கை கொடுக்காது. ஒரு படம் யார் பக்கம் நின்று வரலாற்றைச் சொல்கிறது என்று எழுதத் தெரிய வேண்டும். எனக்கு அது பிடிபட்டது, மைசூர்ப் போர்களை மைசூர், ஆங்கிலேயர் ஆகிய இரு தரப்பும் எப்படி வரைந்தார்கள் என்று சேர்த்து வைத்துப் படித்தபோதுதான்.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்திலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் தோற்கடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் திப்பு அந்த வெற்றியை வரைய வைத்தார். நல்ல படமாக எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் சதுர வியூகத்தில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. திப்புவோ ரோஜாவை முகர்ந்தபடி நிதானமாக இருக்கிறார். அரண்மனைக்கு வருகிறவர்கள் எதை நம்ப வேண்டும் என்பது இந்த ஒரு ரோஜாவிலேயே இருக்கிறது.

அடுத்து ஆங்கிலேய ஓவியர் ராபர்ட் ஹோம் வரைந்த ஓவியத்துக்கு வாருங்கள். பிந்தைய போரில் தோற்ற திப்பு 1792இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கைப்படி பிணையாக வந்த அவருடைய இரண்டு மகன்களைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பரிவோடு வரவேற்கும் காட்சி. சிறுவர்களைப் பார்த்ததும் நம் மனமும் இளகிவிடுகிறது. திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதோ, அதற்கு ஈடாகத்தான் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள் என்பதோ படத்தில் தெரியாது. ஹோம் அந்தப் படையெடுப்பில் கூடவே இருந்தவர். நேரில் பார்த்தவர் வரைந்தார் என்பதற்காகப் படம் நடுநிலையாகிவிடாது. விடையில் இந்த ஒரு வரி நல்ல எடையோடு நிற்கும்.

எழுதும் முறை பற்றி ஒன்று. முதலில் படத்தில் தெரிவதை இரண்டு வரியில் சொல்லுங்கள். அப்புறம் யார் வரையச் சொன்னார், எங்கே வைத்தார், எதை விட்டார் என்று போங்கள். தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டு அதற்கு ஏற்றபடி படத்தை வளைக்கிற விடைகள்தான் அதிகம் வருகின்றன. 'பக்கச்சார்பு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். சார்பும் சான்றுதான்; திப்பு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதற்கு அந்தச் சுவரைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சுவரோவியம் திப்புவின் மறைவுக்குப் பிறகு ஆங்கிலேயர் காலத்தில் மறுபடி தீட்டப்பட்டது; கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி 1855இல் புதுப்பிக்க வைத்தார். அதனால் இன்று காண்பதை அப்படியே 1784இன் ஓவியம் என்று எழுதக் கூடாது.

சென்னையில் இருப்பவர்கள் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைப் பாருங்கள். அதே பிணைக் காட்சி அங்கே கல்லில் செதுக்கியிருக்கிறது. அதன் முன்னால் நின்றே ஒரு 150 சொல் விடை எழுதிப் பார்க்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.