ஒரு காலி டிவ்

"மாமா, இதுல ஒண்ணுமே இல்லையே?"

கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டுத் திண்ணை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான் அக்கா மகன்.

வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் கற்றுக்கொள்கிறான். ஏதோ பழைய வீடியோவைப் பார்த்து, புது ஆப்புக்கு அடித்தளம் போட்டுத் தரும் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' கருவியைப் போட்டிருந்தான். 2016-ல் வந்தது, பல பேருக்கு முதல் வாசல் அதுதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இனி அது வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது.

சரி என்று, அதே வேலையைச் செய்யும் 'வீட்' என்ற கருவியைப் போட்டுக் கொடுத்தேன். பிரெஞ்சில் 'விரைவாக' என்று பொருள். ஒரே கட்டளை.

அவன் திறந்தது பிரவுசர் முதலில் படிக்கும் இன்டெக்ஸ் கோப்பை. 'ரூட்' என்ற பெயரில் ஒரு காலி டிவ், அதாவது பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. அதன் கீழே ஒரு ஸ்கிரிப்ட் வரி. அவ்வளவுதான்.

அந்தக் காலி இடத்தில்தான்டா முழு ஆப்பும் வந்து உட்காரும் என்றேன். எந்தப் பக்கம் போனாலும் சர்வர் புதுப் பக்கம் அனுப்பாது. ஜாவாஸ்கிரிப்ட் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிவிடும்.

ஆப் கோப்பில் இருந்த தலைப்பை அழித்துவிட்டு 'பெங்களூரா மாம்பழம் இன்றைய விலை' என்று தட்டிச் சேமித்தான். பிரவுசரைத் தொடவே இல்லை, எழுத்து மாறிவிட்டது. பையன் மூச்சு விடாமல் பார்த்தான்.

2015-ல் கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் வெப்பேக்கையும், நிரலைப் பிரவுசருக்குப் புரியும்படி மாற்றித் தரும் பேபலையும் கையால் கோத்து, இந்தத் திரை வருவதற்குள் எனக்கு மூன்று நாள் போனது. அந்தக் கஷ்டத்தை யாரோ முன்கூட்டியே பட்டு வைத்திருக்கிறார்கள். சந்தூர் நர்சரியில் மா ஒட்டுக்கன்று வாங்கி வந்து நடுகிற மாதிரி. அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு.

அப்புறம் கருவியின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பையும் திறந்து படிக்கச் சொன்னேன்.

"இருங்க மாமா, செந்தூரா விலையையும் போட்டுட்டு வர்றேன்."