மெட்டு யார் தலையில் இருந்தது?
அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பாட்டு என்றாலே ‘கார்ட்டர் குடும்பம்’ என்ற பாட்டுக் குழுவைத்தான் சொல்வார்கள். சரி, அந்தப் பாட்டுகளைத் தேடிக் கூடவே அலைந்த லெஸ்லி ரிடிலை எத்தனை பேருக்குத் தெரியும்?

வட கரோலினாவின் பர்ன்ஸ்வில்லில் பிறந்த கறுப்பினக் கலைஞர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். 1928 வாக்கில் அந்தக் குழுவை நடத்திய ஏ.பி. கார்ட்டரோடு பழக்கமானது. அப்புறம் இருவரும் மலையூர்களில் வீடு வீடாகப் போனார்கள். யாராவது பழைய பாட்டைப் பாடினால் கார்ட்டர் வரிகளைத் தாளில் எழுதிக்கொள்வார். மெட்டை மனசில் ஏற்றிக்கொள்வது ரிடில். வீடு திரும்பியதும் வாசித்துக் காட்டுவார். சுருக்கமாக, நடமாடும் டேப் ரெக்கார்டர்! குழுவின் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டரே ரிடிலைப் பார்த்துக் கிட்டார் நுணுக்கங்கள் கற்றிருக்கிறார்.

ஆனால் இசைத்தட்டில் கார்ட்டர் பெயர்தான். இனப்பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலம், வேறு எப்படி இருக்கும்? (மலைக்காரர்களின் அடையாளமாகச் சொல்லப்படும் பாஞ்சோவே ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக வந்த வாத்தியம்தான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

1940களில் ரிடில் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். 1965இல் நாட்டுப்புற இசைக்கலைஞர் மைக் சீகர் அவரைத் தேடிப் பிடித்துப் பாடவைத்துப் பதிவு செய்தார். கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், குறிப்பாக அந்தக் கிட்டாரை.