உள்ளே இருக்கும் எண்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதை ஒட்டி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் என்னிடம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புகள் வரத் தொடங்கின. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. பட்டணத்து அலுவலகங்கள் அவற்றைத் தானமாகக் கொடுத்துவிடுகின்றன. தோட்டத்துக் கோயில் மண்டபங்களில் நடக்கும் டியூஷன் வகுப்புகள் வாங்கிக்கொள்கின்றன. நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நான்கு ஜிபி நினைவகத்திலும் திணறாமல் ஓடும்.

பென்டிரைவைச் செருகி நிறுவுவது பெரிய வேலையில்லை. வைஃபை, பிரிண்டர் போன்றவற்றை வழிக்குக் கொண்டுவருவதில்தான் பொழுது போகும்.

ஒரு செம்பனைத் தோட்டத்து வகுப்பிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, மோடம் பக்கத்துல வெச்சா லைன் வருது. நாலு மேசை தள்ளி வெச்சா போயிடுது. இந்த லினக்ஸ் நமக்கு ஒத்துவராது போலிருக்கே." அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள்: மோடத்தை மாற்று, எக்ஸ்டெண்டர் வாங்கு, திரும்ப நிறுவு. காசில்லாத ஒரு வகுப்புக்கு இப்படி யோசனை சொல்வது எனக்குப் பிடிக்காத விஷயம். இன்ன சில்லு என்று தெரியாமல் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கக் கூடாது.

முதலில் நான் ஓட்டுவது, கணினிக்குள் இருக்கும் சில்லுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை, எண்களையும் சேர்த்துக் காட்டச் சொல்லி. மூடியில் இருக்கும் பிராண்டு பெயரால் பயனில்லை; ஒரே மாடலுக்குள்ளேயே இரண்டு மூன்று விதமான வைஃபை அட்டைகள் வருவதுண்டு. எண் பொய் சொல்லாது. முதல் நான்கு இடம் சில்லைச் செய்தவருடையது, அடுத்த நான்கு இடம் சில்லினுடையது. இன்டெலின் எண் 8086. 1978-இல் அவர்கள் வெளியிட்ட செயலியின் பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். டீச்சரின் லேப்டாப் காட்டியது 10இசி:பி723. அதாவது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ.

எண் தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது. இந்தச் சில்லின் அட்டையில் இரண்டு ஆண்டெனா முனைகள் உண்டு. சில லேப்டாப் தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு கம்பியை மட்டும் இணைத்து அனுப்பினார்கள். எந்த முனையில் கம்பி இருக்கிறது என்று சில்லுக்குள் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும்; சில மாடல்களில் அது தவறாக எழுதப்பட்டுவிட்டது. சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் அந்தக் குறிப்பை நம்பி, கம்பியே இல்லாத முனையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பின்மூடியைக் கழற்றினோம், ஒற்றைக் கம்பிதான். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்: அந்த டிரைவருக்கு 'ஆண்ட்_செல்' மதிப்பு 2. சில லேப்டாப்புகளுக்கு 1 பொருந்தும். மறுபடி இயக்கியதும் மண்டபத்தின் கடைசி மேசையிலும் லைன் முழுதாக வந்தது.

அந்த வரியை ஏற்கும் வசதியை 2016-இல் லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்த்தவர் லாரி ஃபிங்கர். படிகங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி. ஃபிங்கரைட் என்ற கனிமம் அவர் பெயரைத் தாங்கியது. லினக்ஸுக்கான வைஃபை டிரைவர்களில் பல ஆண்டுகள் உழைத்தார். 2024 ஜூனில் காலமானார். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட மலிவான சில்லுகளுக்காக அந்த மனிதர் செலவிட்ட நேரம் பேராக்கின் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதை டீச்சரிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கும் சொல்லச் சொன்னேன்.

பிராட்காம் சில்லுகள் வேறு ரகம். அவற்றின் எண் 14இ4 என்று தொடங்கும். பழைய சிலவற்றுக்கு மூலநிரல் வெளியிடப்படாத டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்குவதற்கோ வைஃபை வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கக் கைப்பேசி போதும். கேபிளில் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யுஎஸ்பி டெதரிங்கைத் திறந்தால் லினக்ஸ் அதை வலைக்கம்பியாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த தடை, கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட். கணினியிலேயே தொகுக்கப்பட்ட டிரைவரை, கையெழுத்துச் சாவி பதிவாகாத வரை உள்ளே விடாது. மறுபடி இயக்கும்போது ஒரு நீலத் திரை வந்து சில நொடிகள் காத்திருக்கும். அதில் சாவியைப் பதிய வேண்டும். பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டு, டிரைவர் சரியில்லை என்கிறார்கள்.

இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் குழு 2022-இல் வாக்கெடுத்து, கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்க முடிவு செய்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கை தளர்ந்துவிட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபர்ம்வேரைத் தனியாக இறக்க முடியாமல், கைப்பேசி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளைப் பார்க்கிறவன் நான். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் வழியாக வந்துவிடும், அதில் சிக்கலே இல்லை.

பிரிண்டர்தான் இன்னொரு நாளை எடுத்துக்கொண்டது. தானமாக வந்த சிறிய லேசர் பிரிண்டர். விளக்கு எரிகிறது, கணினி பெயரைக் காட்டுகிறது, தாள் மட்டும் நகரவில்லை. இந்த வகைப் பிரிண்டர்களுக்கு ஃபர்ம்வேரை வைத்துக்கொள்ள நிரந்தர நினைவகம் கிடையாது. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை உள்ளே ஏற்ற வேண்டும். எங்கள் பக்கம் மாலையில் இடி இடித்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கத்தான் வேண்டும். அதனால் நேற்று அச்சடித்த பிரிண்டர் இன்று ஊமையாகிவிடும். பிரிண்டர் இணைந்த உடனே ஃபர்ம்வேரைத் தானாக ஏற்ற ஒரு யூடெவ் விதி (ஒரு கருவி இணைந்ததும் என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் குறிப்பு) எழுதி வைத்தேன். இப்போது இடி போன பிறகு பிளக்கைச் செருகினால் போதும், டீச்சர் வேறெதையும் தொட வேண்டியதில்லை.

டீச்சரின் லேப்டாப்பில் இருந்த கைரேகை உணரிக்கு மட்டும் லினக்ஸில் டிரைவரே இல்லை. அதை டீச்சரிடம் நேராகச் சொல்லிவிட்டேன். "பிள்ளைங்க பாஸ்வேர்டு போட்டுக்குவாங்க தம்பி, விடுங்க," என்றார்.

ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் சில்லின் எண்ணையும் டிரைவரின் பெயரையும் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். படிவம் நான்கு படிக்கும் ஒரு மாணவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த லேப்டாப்பில் அவளே மின்ட்டைப் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்பினாள்: "அண்ணே, 168சி-ன்னு வருது. என்ன செய்யணும்?" அது அதிரோஸ். அதன் பழைய ஏடிஎச்9கே டிரைவருக்குத் தனி ஃபர்ம்வேர்கூடத் தேவையில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், வைஃபை பெயரைத் தேர்ந்தெடு என்று பதில் போட்டேன்.